கரை திரும்பும் கணக்கு

பாய் விரித்துக் கடலோடுவதை ரசிப்பவர்கள் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிவதைத்தான் ரசிக்கிறார்கள். காற்று நிறைந்து புடைத்த பாய், ஒரு பக்கம் சாய்ந்து ஓடும் கட்டுமரம், தெறிக்கும் நீர். இவை அழகுதான், மறுப்பில்லை. ஆனால் அந்த அழகைச் சாத்தியமாக்கும் வேலை, படகின் அடிப்பக்கம் நனைவதற்கு முன்பே கரையில் முடிந்துவிடுகிறது. எப்போது கிளம்புவது, எந்தப் பக்கம் ஒதுங்கிப் போவது, எந்த நேரத்துக்குள் திரும்புவது, திரும்ப முடியாமல் போனால் எங்கே கரையேறுவது என்று நான்கு கேள்விகளுக்கு மணலில் நின்றபடியே விடை காண வேண்டும். பாய்ப் பயணத்தின் உயர்ந்த கலை இந்தத் திட்டமிடலில்தான் இருக்கிறது என்பேன். அந்தக் கலையின் மிக நுட்பமான வடிவங்களுள் ஒன்று, மயிலாப்பூருக்குக் கிழக்கே நொச்சிக்குப்பம், பட்டினப்பாக்கத்தில் தொடங்கி, அடையாற்று முகத்துவாரத்தைத் தாண்டி ஊரூர்க் குப்பம், திருவான்மியூர்க் குப்பம் வரை நீளும் நம் கரையில் வளர்ந்தது என்றும் சொல்வேன்.

இதைப் புரிந்துகொள்ள உலகம் அறிந்த ஒரு சிறு பயணத்தை எடுத்துக்கொள்ளலாம். இங்கிலாந்தின் சவுதாம்ப்டனிலிருந்து எதிரே உள்ள வைட் தீவின் கவ்ஸ் துறைமுகத்துக்குப் பாய்ப்படகில் போவது ஒரு பகல் பயணம். 1826 முதல் படகுப் போட்டிகள் நடந்துவரும் ஊர் அது. அந்தப் பயணத்தைத் திட்டமிடுகிறவர் முதலில் புரட்டுவது ஓத அட்டவணையை. அங்கே கடல் ஏறி இறங்கும் அளவு பெரிது, இடையிலுள்ள நீர்ச்சந்தியில் ஓத நீரோட்டமும் வேகமானது. ஆனால் அந்த ஏற்ற இறக்கத்தை ஆண்டுக்கணக்கில் முன்கூட்டியே அச்சிட்டுவிடலாம். போய்ச் சேரும் இடத்தில் அலைதடுப்புச் சுவர் உண்டு, படகைக் கட்ட மேடை உண்டு. சென்னைக் கடலில் இதில் எதுவும் பொருந்தாது. இங்கே ஓத வேறுபாடு பெரிய நாளிலும் ஏறத்தாழ ஒரு மீட்டர்தான், ஆகவே ஓதத்தை நம்பித் திட்டம் போட முடியாது. ஒதுங்குவதற்கு எதிரே ஒரு தீவு கிடையாது. தென் சென்னைக் குப்பங்களுக்கு அரணாக ஒரு துறைமுகமும் கிடையாது. புறப்படும் இடமே சேரும் இடம், அதுவும் அலை உடையும் திறந்த மணல். அதனால் இங்கே திட்டமிடுகிறவருடைய முழுக் கவனமும் திரும்பும் வழியின்மேல் குவிகிறது.

அவர் கையில் இருந்த முதல் கருவி காற்றின் நாள்முறை. இரவில் நிலம் கடலைவிட விரைவாகக் குளிர்கிறது, அதனால் பின்னிரவில் கரைக்காற்று மேற்கிலிருந்து கடலை நோக்கி வீசும். வெயில் ஏற ஏற நிலம் சூடாகி, நடுப்பகல் வாக்கில் கடற்காற்று தென்கிழக்கிலிருந்து உள்ளே வரும். தியாகராய நகரில் மே மாதப் பகலில் ‘இன்னும் காற்று வரலியே’ என்று சலித்துக்கொள்கிறவர் எதிர்பார்ப்பதும் அதே காற்றைத்தான். கட்டுமரக்காரர் விடிவதற்கு முன் கரைக்காற்றில் பாய் விரித்து வெளியே போவார், கடற்காற்று எழுந்ததும் அதை வாங்கிக்கொண்டு வீடு திரும்புவார். மணிக்கு மூன்று கடல் மைல் வேகம் என்று கொண்டால்கூட, நான்கு மணி நேரத்தில் 12 கடல் மைல், அதாவது சுமார் 22 கிலோமீட்டர் வெளியே நிற்கலாம். எண்ணெய்ச் செலவு ஒரு துளியும் இல்லை. போக ஒரு காற்று, வர ஒரு காற்று என்று இயற்கையே இரு வழிக்கும் சீட்டு எழுதிக் கொடுத்ததுபோலத் தோன்றும். ஆனால் அந்தச் சீட்டு எல்லா நாளும் செல்லாது என்பதில்தான் கலை தொடங்குகிறது.

ஜூன், ஜூலை மாதங்களில் மேல்காற்றான கச்சான் பலத்து வீசும் நாள்களை நினைத்துப் பாருங்கள். நிலத்திலிருந்து கடலுக்கு வீசும் காற்று கரையோரத்து அலையை அமுக்கிவிடுகிறது. கரையில் நிற்பவர் கண்ணுக்குக் கடல் பளபளவென்று படிந்து கிடக்கும், மரத்தைத் தள்ளி இறக்குவது அன்றுதான் மிகச் சுலபம். வெளியே போவதும் சுலபம், காற்றே தள்ளிக்கொண்டு போகும். அதே கச்சான் கடற்காற்றை உள்ளே வரவிடாமல் பிற்பகல் வரை தடுத்து நிறுத்தலாம், சில நாள் முழுக்கவே அடக்கிவிடலாம். ஆழமான அடிக்கட்டை இல்லாத கட்டுமரம் எதிர்க்காற்றில் முன்னேறுவது மிகக் கடினம். கோணல்மாணலாக ஓட்டினாலும் பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டே போகும். ஆகவே, போவதற்கு மிக நல்ல நாளாகத் தெரிவதே திரும்புவதற்கு மிக மோசமான நாளாக அமையக்கூடும். இந்த முரணைக் கண்டு, படிந்த கடலைப் பார்த்து ‘இன்னிக்கு வேணாம்’ என்று சொல்லத் தெரிந்தவரே தேர்ந்த கடலோடி. கண் முன்னால் இருக்கும் நீரைப் பார்த்துவிட்டு, எட்டு மணி நேரம் கழித்து வீசப்போகும் காற்றுக்கேற்ப முடிவெடுக்கும் அறிவு அது. ஐப்பசி, கார்த்திகையில் வாடை இறங்கிய பிறகு பகல், இரவு என்ற ஒழுங்கே குலைந்துபோகும், கணக்கையும் புதிதாகப் போட வேண்டும். பாக் நீரிணையிலும் பருவம் பார்ப்பது இதே முறையில்தான். ராமேசுவரத்திலிருந்து கச்சத்தீவின் அந்தோணியார் திருவிழாவுக்குப் படகுகள் போவது பிப்ரவரி, மார்ச் மாதங்களில். வாடை ஓய்ந்து தென்மேற்குக் காற்று இன்னும் எழாத இடைவெளி அது.

காற்றுக்கு அடுத்தது நீரோட்டம். தெற்கிலிருந்து வடக்கே ஓடுவதைத் தெண்டி என்றும், வடக்கிலிருந்து தெற்கே ஓடுவதை வன்னி என்றும் நம் கரையில் சொல்வார்கள். ஆண்டின் முற்பகுதியிலும் கோடையிலும் பெரும்பாலும் தெண்டி, வடகிழக்குப் பருவத்தில் பெரும்பாலும் வன்னி. மணிக்கு ஒரு கடல் மைல் ஓடும் தெண்டியில் ஆறு மணி நேரம் மிதந்தால் 11 கிலோமீட்டர் வடக்கே தள்ளப்பட்டிருப்பீர்கள். ஊரூர்க் குப்பத்தில் புறப்பட்டவர் சென்னைத் துறைமுகத்துக்கு நேரே நிற்பார். அதனால்தான் திட்டமிடுகிறவர் போகும்போதே தெற்கே ஒதுங்கிப் போகிறார், திரும்புகையில் அந்த நீரே அவரை வீட்டுக்கு நேரே கொண்டுவந்துவிடும். எவ்வளவு தள்ளப்பட்டோம் என்பதைக் கரையில் உள்ள இரண்டு அடையாளங்களை ஒன்றோடொன்று ஒட்டிப் பார்த்து அளக்க வேண்டும். முன்னால் ஒரு கோபுரம், பின்னால் ஒரு குன்று, இரண்டும் ஒரே கோட்டில் வருகின்றனவா, விலகுகின்றனவா என்று பார்த்தால் இடம் தெரிந்துவிடும். சாந்தோம் தேவாலயத்தின் ஊசிக்கோபுரம், பரங்கிமலை, 1977 முதல் மெரினாவில் நிற்கும் கலங்கரை விளக்கம் ஆகியவை எல்லாம் கடலிலிருந்து பார்ப்பவருக்கு ஒரு வரைபடத்தின் புள்ளிகள். 1516இல் எழுந்த லஸ் தேவாலயத்தின் மரபுக்கதையும், கரை தெரியாமல் தவித்த போர்த்துகீசிய மாலுமிகளுக்கு வழிகாட்டிய ஓர் ஒளியைப் பற்றியதே. மயிலாப்பூரை நாம் நிலத்திலிருந்து மட்டுமே பார்த்துப் பழகியிருக்கிறோம். கடலிலிருந்து படிக்கப்பட்ட மயிலாப்பூர் ஒன்றும் உண்டு.

கடைசிச் சோதனை அலை உடையும் இடம். 1876இல் துறைமுக வேலை தொடங்குவதற்கு முன், சென்னைக்கு வந்த கப்பல்கள் எல்லாம் வெளியே நங்கூரமிட்டு நின்றன. ஆணி இல்லாமல் கயிற்றால் தைத்த மசூலா படகுகள்தான் பயணிகளையும் சரக்கையும் அலை தாண்டிக் கொண்டுவந்தன. துணைக்கு வந்த கட்டுமரக்காரர்கள் நீரில் விழுந்தவர்களைத் தூக்கினார்கள், நீர் புகாத கூம்புத் தொப்பிக்குள் கடிதங்களை வைத்துக் கொண்டுபோனார்கள். அலை கடக்க முடியாத நாளில் கரையில் எச்சரிக்கைக் கொடி ஏறும். ஒரு மாநகரத்தின் முழு வணிகமும் இந்த மக்களின் அலைக்கணிப்பை நம்பி நடந்திருக்கிறது. பெரிய அலைகள் கூட்டமாக வரும், பிறகு சற்று ஓயும். அந்த ஓய்வில் உள்ளே நுழைந்துவிட வேண்டும், நடுவில் தயங்கினால் மரம் குறுக்கே திரும்பிப் புரளும். பெசன்ட் நகர் கடற்கரையில் நிற்கும் வெள்ளை மண்டபம், 1930இல் இந்த நீரில் ஒருவரைக் காக்கப் போய் உயிர்நீத்த டென்மார்க் மாலுமி ஷ்மிட்டின் நினைவாக எழுந்தது. உடல் வலுவும் துணிவும் மட்டும் இந்த அலைக்குப் போதாது என்பதற்கு அதுவே சாட்சி.

இது பிழைப்பு, இதைக் கலை என்று கொண்டாடலாமா என்று கேட்கலாம். காஞ்சிபுரத்துத் தறிக்காரரும் பிழைப்புக்காகத்தான் நெய்கிறார். பனகல் பூங்காவைச் சுற்றியுள்ள கடைகளில் அந்தப் புடவையை விரித்து, கரையும் உடலும் சேரும் இடத்தைத் தடவிப் பார்த்து வியக்கிறவர் யாரும், கூலி வாங்கினார் என்பதற்காக அதைக் கலையிலிருந்து தள்ளிவைப்பதில்லை. ஒரு செயலில் தேர்வுகள் பல இருந்து, அவற்றில் நல்லதைத் தெரிந்தெடுக்கும் கண் பயிற்சியால் வந்து, தேர்ந்தவருக்கும் தேறாதவருக்கும் வித்தியாசம் வெளிப்படையாகத் தெரிந்தால், அது ரசிக்கத் தகுந்த கலைதான். கடலில் அந்த வித்தியாசம் அன்று மாலையே தெரிந்துவிடுகிறது.

இயந்திரமும் ஜிபிஎஸ் கருவியும் ஹைதராபாதிலுள்ள இன்காய்ஸ் நிறுவனத்தின் கடல்நிலை முன்னறிவிப்பும் வந்த பிறகு இந்தக் கணிப்புக்கு என்ன தேவை என்பது இன்னும் வலுவான ஆட்சேபம். இதில் பாதி நியாயம் இருக்கிறது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் எழுந்தபோது, குமரிக் கடலோரத்திலிருந்து ஏற்கெனவே ஆழ்கடலுக்குப் போயிருந்தவர்களில் பலர் கரை திரும்பவில்லை. எந்தப் பரம்பரை அறிவும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் உருவாகும் புயலைக் காணாது. அதற்குச் செயற்கைக்கோள் வேண்டும், அந்தச் செய்தி நேரத்துக்கு வந்து சேரவும் வேண்டும். 1792இல் நுங்கம்பாக்கத்தில் வானாய்வுக்கூடம் அமைந்த நகரம் அறிவியலை மறுக்கக் கூடாது. ஆனால் முன்னறிவிப்பு ஒரு பரந்த பகுதிக்குச் சொல்லப்படுவது. இந்த மணல்திட்டுக்கு எதிரே, இந்த நேரத்தில், இந்தப் படகு அலை தாண்டுமா என்பதை நின்று பார்த்தவர்தான் முடிவு செய்ய வேண்டும். இயந்திரம் நின்றுபோன படகும் பாயில்லாக் கட்டுமரம்தான், காற்றும் நீரும் அதைக் கொண்டுபோகும் திசையை முன்பே அறிந்தவருக்கே பிழைக்க வழி தெரியும். கருவி தரும் எண்ணையும் கண் தரும் கணிப்பையும் சேர்த்துப் பார்ப்பவர் இரண்டில் ஒன்றை மட்டும் நம்புகிறவரைவிடப் பாதுகாப்பானவர்.

கட்டுமரம் போய்விட்டது, இனி எதற்கு இந்தப் பேச்சு என்றும் கேட்கலாம். 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு கண்ணாடியிழைப் படகுகள் கரையை நிறைத்தன. துறைமுகச் சுவரும் தூண்டில் வளைவுகளும் மணலின் போக்கை மாற்றின. மெரினா இவ்வளவு அகன்றதற்கும் வடக்கே ராயபுரம் பக்கம் கரை அரிக்கப்பட்டதற்கும் வடக்கு நோக்கிய மணல் ஓட்டத்தைத் துறைமுகம் தடுத்ததே காரணம். பழைய அடையாளங்களை அடுக்குமாடிகள் மறைக்கின்றன. எல்லாம் உண்மைதான். கட்டுமரத்தைத் திரும்பக் கொண்டுவா என்று நான் கேட்கவில்லை, படகைவிடப் படகுக்குப் பின்னால் இருந்த யோசனை முறை பெரிது. கடல் மாறும்போது கணக்கை மாற்றிக்கொள்வதும் அந்த முறையின் பகுதியே.

ஆகவே என் வேண்டுகோள்கள் எளியவை. துறைமுகத்துக்குள் 1911 முதல் இயங்கும் ராயல் மெட்ராஸ் யாட் கிளப் போன்ற அமைப்புகளில் பாய்ப்படகு பழகும் இளைஞர்களுக்கு, குப்பத்து மூத்தவர்கள் காற்றும் நீரும் கற்பிக்க அழைக்கப்பட வேண்டும், அதற்கு உரிய ஊதியமும் தரப்பட வேண்டும். அடையாறு, மயிலாப்பூர்ப் பள்ளிகளின் புவியியல் வகுப்பு ஒரு காலையாவது கரையில் நடக்க வேண்டும். தெண்டி, வன்னி, கச்சான், வாடை எல்லாம் தேதி, நேரத்தோடு எழுதிவைக்கப்பட வேண்டும். ரசிகர் செய்யக்கூடியது ஒன்றும் உண்டு. அடுத்த முறை எலியட்ஸ் கடற்கரைக்கு விடியற்காலையில் போனால், வெளியே போகும் படகைப் பார்ப்பதோடு நிற்காதீர்கள். போகாமல் நின்று கடலையே பார்த்துக்கொண்டிருப்பவரிடம், ‘ஏண்ணே, இன்னிக்குப் போகலியா?’ என்று மரியாதையோடு கேளுங்கள். இந்தக் கலையின் சாரம் அவர் சொல்லும் காரணத்தில் இருக்கும்.