தனிப்பனைக் கள்ளு

கள்ளு நல்லதா கூடாததா என்ற வழக்கை வேறு யாரும் பேசட்டும். எனக்கு வேண்டியது தனிப்பனைக் கள்ளு. பத்துப் பனையின் கள்ளை ஒரு பீப்பாவில் ஊற்றிக் கலந்த பிறகு அதில் வெறி இருக்கும், பனை இருக்காது.

காரைநகரில் அதைக் குடிக்கச் சீவுகிறவரின் வளவுக்கே போகவேண்டும். பொன்னாலைப் பாலம் கடந்து கோவளப் பக்கம் போனால், ஒழுங்கையொன்றில் எனக்குத் தெரிந்த குடும்பம் இருக்கிறது. தகப்பன் சீவுகிறார், மகன் ஏறப் பழகுகிறான், வார்த்துத் தருவது தாய். பனைக்கொரு முட்டி. எந்த முட்டி எந்தப் பனையினது என்று அந்த அம்மாவுக்குப் பார்த்தவுடனே தெரியும். பன்னாடையில் வடித்து, அப்போது கோலிய பச்சோலைப் பிளாவில் ஊற்றுவார்.

"அண்ணை, இண்டைக்குக் கொஞ்சம் தண்ணிப்பாடாக் கிடக்கு?"

"ராத்திரித் தூத்தல், தம்பி. முட்டிக்குள்ள மழைத்தண்ணி விழுந்திட்டுது. கிணத்தடியான்ரையைக் குடிச்சுப் பாருங்கோ."

கிணற்றடியான் ஓர் ஆண்பனை. பங்குனி, சித்திரைக் காலைகளில் அதன் கள்ளுக்கு நிகராக நான் வேறொன்றைக் குடித்ததில்லை. வாயில் வைத்ததும் மெல்லிய இனிப்பு. அது முடியுமுன் நாக்கின் ஓரங்களில் புளிப்பு ஏறும். விழுங்கிய பிறகுதான் துவர்ப்பு வரும். அது கள்ளினதா ஓலையினதா என்று பிரிக்க முடியாது. நுரை சிறுமணியாக, அடங்காமல் நிற்கும். பக்கத்துப் பெண்பனை இதைவிடக் கூடுதலாகச் சுரக்கிறது. அளவு பார்ப்பவர்கள் அதைக் கொண்டாடட்டும். எனக்கு அதில் இனிப்பு மட்டும் தனியே நிற்கிறது.

இந்த ருசி முழுக்க மரத்தின் கொடை என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பாதி கையினுடையது. காலையும் மாலையும் ஏறிப் பாளையின் நுனியை மெல்லிய தகடாகச் சீவவேண்டும். கத்தி ஆழமாகப் போனால் பாளை சீக்கிரம் தீர்ந்துவிடும். மேலோடு போனால் சுரப்பு அடைபடும். முட்டியைக் கழுவுவதிலும் அளவு உண்டு. சுண்ணாம்பு பூசாத மண்முட்டியின் நுண்துளைகளில் பழைய நொதி தங்கி நிற்கும். பதநீர் மேலேயே பொங்கத் தொடங்குவது அதனால்தான். முட்டியை இறக்கிய சில மணி நேரத்துக்குள் குடித்துவிட வேண்டும். மத்தியானம் தாண்டினால் புளிப்பு மற்றதையெல்லாம் விழுங்கிவிடும்.

தென்னங்கள்ளே மென்மை என்பார்கள் தெற்கே இருந்து வரும் நண்பர்கள். மென்மைதான், ஆனால் நண்டுக்கறிக்கும் சுட்ட கருவாட்டுக்கும் முன்னால் அது நின்று பிடிக்காது. திக்கம் வடிசாலைச் சாராயத்தை நான் மதிக்கிறேன். ஆனால் கொதிக்கவைத்து வடித்த பிறகு அது எந்த வளவின் பனை என்று எவராலும் சொல்ல முடியுமா? போத்தல் கள்ளு கெடாமல் தூரதேசம் போகும். கெடாமல் இருக்கச் சூடாக்கும்போதே அதன் உயிர் போய்விடுகிறது.

என் உண்மையான ஆத்திரம் கலப்படத்தின் மேல். தவறணைகளில் சீனியும் சக்கரினும் கரைத்த கள்ளைக் குடித்துப் பழகிய இளசுகள், நல்ல கள்ளைக் கொடுத்தால் 'இனிப்புக் காணாது' என்கிறார்கள். மண்முட்டி போய்ப் பிளாஸ்டிக் கான் வந்துவிட்டது. பிளா இருந்த இடத்தில் சில்வர்க் கோப்பை. போரிலும் இடப்பெயர்விலும் ஊர் பல பனைகளை இழந்தது. நிற்கின்ற பனைகளுக்கும் ஏற ஆளில்லை. இதில் நாங்கள் வியக்க ஒன்றுமில்லை. இறக்கித் தந்த கள்ளை ருசித்துக்கொண்டே, இறக்கியவரைச் சாதி சொல்லிப் படலைக்கு வெளியே நிறுத்திய ஊர்கள் இவை. அந்தத் தொழிலைத் தன் பிள்ளைக்குக் கொடுக்க எந்தத் தகப்பன் விரும்புவான்?

1970களில் உருவான கூட்டுறவுச் சங்கங்கள் சீவல் தொழிலாளிக்கு நிலையான வருமானத்தைத் தந்தன. அது பெரிய காரியம். இன்னும் ஒன்றை அவை செய்யலாம். நன்றாகச் சீவுகிறவரின் முட்டியைப் பொதுப்பீப்பாவில் கொட்டாமல், அவர் பெயரும் வளவும் சொல்லித் தனியே விற்கட்டும், கூடிய விலைக்கு. தேயிலைக்குத் தோட்டத்தின் பெயர் சொல்லி விலை வைக்கும் நாட்டில் கிணற்றடியானுக்கு மட்டும் ஏன் பெயர் இருக்கக் கூடாது? அந்த விலையைக் கொடுக்க நான் தயார்.