நாம், நாங்கள், தீர்மானிக்கப்பட்டது

எட்டு ஆண்டுகளாக ஓர் அறக்கட்டளையின் அறங்காவலர் குழுவில் இருக்கிறேன். மாவட்டத் தலைநகர் ஒன்றில் இயங்கும் சிறிய அமைப்பு. அரசு மருத்துவமனையிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் பெண்களுக்குக் கிடைக்க வேண்டிய சிகிச்சை கிடைக்கிறதா என்று பார்ப்போம். கிடைக்காதபோது மனு எழுதிக்கொண்டு திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலக வரிசையில் நிற்போம். காப்பீட்டு அட்டைக்கும் மகப்பேறு நிதியுதவிக்கும் அலைகிறவர்களோடு கூடவே அலைவோம். குழுவில் ஏழு பேர், அவர்களில் ஐந்து பேர் பெண்கள். ஓய்வுபெற்ற மருத்துவர், வழக்கறிஞர், தணிக்கையாளர், பேராசிரியர்கள். எவருக்கும் ஊதியம் கிடையாது. தமிழ் படித்தவள் என்பதால் கூட்டங்களின் நடவடிக்கைக் குறிப்பை எழுதும் வேலை முதல் நாளே என்னிடம் வந்து சேர்ந்தது.

கவிதைத் தொகுப்புகளைப் பற்றியும் நாவல்களைப் பற்றியும் விமர்சனம் எழுதியிருக்கிறேன். இங்கே நான் வாசிக்க எடுத்துக்கொள்ளும் பிரதி, நானே எழுதிய அந்தக் குறிப்பேடு.

முதலில் கண்ணில் படுவது வினைமுற்றுகள். விவாதிக்கப்பட்டது. பரிசீலிக்கப்பட்டது. ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. எட்டு ஆண்டுக் குறிப்புகளில் எழுவாயைத் தேடினால் நன்றியுரைப் பகுதியில் மட்டும்தான் கிடைக்கிறது. யார் பேசினார், யார் மறுத்தார், யார் வாயைத் திறக்கவே இல்லை என்பதற்குத் தடயம் இல்லை. வகுப்பில் செயப்பாட்டு வினையை நடத்தும்போது, செய்தவரை மறைக்க விரும்பும் இடத்தில் இது வசதியானது என்று மாணவிகளிடம் சொல்வேன். அந்த வசதியை நானே இத்தனை காலம் அனுபவித்திருக்கிறேன்.

ஒரு பக்கத்தில் இப்படி ஒரு வரி இருக்கிறது: 'களப் பணியாளர் ஒருவரின் கோரிக்கை பரிசீலிக்கப்பட்டு, அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது.' அன்று நடந்தது வேறு. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாகப் போய் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை கொடுக்கும் பெண் ஒருவரைக் குழுவில் சேர்க்கலாம் என்று அழைத்திருந்தோம். அவர் தயங்கவில்லை, தெளிவாகவே கேட்டார். கூட்டம் இரண்டாம் சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு. மாத்திரை கொடுத்து முடித்த நேரத்தில் அவர் தையல் வேலைக்கும் போகிறார். கூட்டத்துக்கு வந்தால் அந்த நாள் கூலி போய்விடும். அதையும் பேருந்துக் கட்டணத்தையும் அறக்கட்டளை தருமா?

குழு உறுப்பினர்கள் எல்லோரும் தன்னார்வலர்கள்தான், ஒருவருக்குத் தந்தால் முறையாக இருக்காது என்று பதில் சொல்லப்பட்டது. பாருங்கள், மறுபடியும் செயப்பாட்டு வினை. சொன்னவள் நான். அவர் என்னைப் பார்த்துக் கேட்டார்: "எங்களையும் தன்னார்வலர்னுதான் மேடம் சொல்றாங்க. நீங்க இங்க வந்து உக்காந்தா உங்க சம்பளத்துல பிடிப்பாங்களா?"

பிடிக்க மாட்டார்கள். இரண்டாம் சனிக்கிழமை கல்லூரி விடுமுறை. இந்தக் குழுவில் இருப்பது என் தன்விவரக் குறிப்பில் ஒரு வரியாகவும் சேர்கிறது.

அந்தச் சொல்லைப் பற்றி யோசிக்க அவர்தான் காரணம். மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பட்டது. வீடுகளுக்குப் போக மகளிர் சுயஉதவிக் குழுக்களிலிருந்து பெண்களை எடுத்தார்கள். பதவியின் பெயர் தன்னார்வலர். தொடக்கத்தில் மாதம் 4,500 ரூபாய், அதன் பெயர் மதிப்பூதியம். 2005இல் தொடங்கிய தேசிய ஊரக சுகாதார இயக்கத்தின் ஆஷா பெண்களும் அரசு ஏட்டில் கௌரவத் தன்னார்வலர்கள்தான். நாடெங்கும் ஏறத்தாழ 10 லட்சம் பேர். செய்த வேலைக்கேற்ப ஊக்கத்தொகை. 2022இல் உலக சுகாதார நிறுவனம் அவர்களுக்கு விருது தந்தது. தொழிலாளர் என்ற தகுதியைக் கேட்டு அவர்கள் இன்னும் தெருவில் நிற்கிறார்கள்.

'மதிப்பு' முன்னால் வந்து சேர்ந்ததும் ஊதியம் சுருங்கிவிடுகிறது. 'தன்னார்வம்' வந்து சேர்ந்ததும் வேலை வேலையாக இல்லாமல் போகிறது. இதே சொல் என்மேல் விழும்போது நான் பெருந்தன்மை உள்ளவள் ஆகிறேன். அவர்மேல் விழும்போது அவருடைய கூலி குறைகிறது. அடுக்களையில் நடப்பது உழைப்பு என்று மேடைதோறும் பேசும் நாம், நம் கூட்ட மேசைக்கு வரும் பெண்ணிடம் மட்டும் ஆர்வத்தைக் கேட்கிறோம்.

எங்கள் அமைப்பைத் தொடங்கிய அக்காவின் அலமாரியில் 'நம் உடல்கள், நாம்' என்று பொருள்படும் தலைப்போடு ஓர் ஆங்கிலப் புத்தகம் உண்டு. 1969இல் பாஸ்டனில் ஒரு பெண்கள் மாநாட்டில் சந்தித்தவர்கள், மருத்துவர்கள் தங்களுக்குச் சொல்லாததைத் தாங்களே படித்து, பேசி, எழுதினார்கள். 1970இல் மலிவான செய்தித்தாளில் அச்சான முதல் பதிப்பின் தலைப்பு 'பெண்களும் அவர்களுடைய உடல்களும்'. அடுத்த ஆண்டே 'அவர்கள்' போய் 'நாம்' வந்தது. 1973இல் பெரிய பதிப்பகத்துக்குக் கொடுத்தபோது, மருத்துவ மையங்களுக்கு 70 சதவீதத் தள்ளுபடியில் தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கினார்கள். தாங்கள் வெள்ளை நடுத்தர வர்க்கப் பெண்கள், எல்லாப் பெண்களுக்காகவும் பேசிவிட முடியாது என்பதையும் முன்னுரையில் ஒப்புக்கொண்டார்கள். 2018இல் பணம் போதாமல் புதிய பதிப்புகளை நிறுத்தியபோது, சம்பளப் பணியாளர்கள் இல்லாமல் தன்னார்வக் குழு நடத்தும் அமைப்பாக அது மாறியது. ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகும் பெண்களின் கூலியில்லா உழைப்பில்தான் அது வந்து நின்றது. இதை விசுவாசம் என்று மட்டும் பாராட்டிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை.

ஆங்கிலத்துக்குத் தன்மைப் பன்மை ஒன்றுதான். தமிழில் இரண்டு. கேட்பவரையும் உளப்படுத்திச் சொன்னால் நாம், விலக்கிச் சொன்னால் நாங்கள். எங்கள் ஆண்டறிக்கையில் 'நாம்' நிறைய உண்டு. நாம் பெண்கள், நமது உரிமை, நம் ஆரோக்கியம். வரவு செலவுத் திட்டம் போடும் அறையில் இருந்ததோ 'நாங்கள்'. நடவடிக்கைக் குறிப்பில் செயப்பாட்டு வினை இருந்ததால் இரண்டில் எது என்று நான் எழுத வேண்டிய அவசியமே வரவில்லை.

ஊதியமில்லாக் குழுவுக்கு நியாயம் இல்லாமல் இல்லை. பொதுப் பணத்தைக் கையாள்கிறவர்களுக்கு அதிலிருந்து ஆதாயம் இருக்கக் கூடாது என்பது நல்ல விதி. ஆனால் இழந்த கூலியை ஈடுசெய்வதை ஆதாயம் என்று யார் சொல்வார்கள்? 2020இல் வெளிநாட்டு நிதிச் சட்டத்தைத் திருத்தி நிர்வாகச் செலவின் உச்சவரம்பை 50 சதவீதத்திலிருந்து 20ஆகக் குறைத்ததை எங்கள் குழுவில் ஒருவர் சுட்டிக்காட்டினார். எங்களுக்கு வெளிநாட்டு நிதியே கிடையாது.

அன்று அவரைக் குழுவுக்குள் சேர்க்காததால் போனது ஓர் இருக்கை மட்டும் இல்லை. போவதற்கு முன் இன்னொன்றும் சொல்லியிருந்தார்: நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள் காலையிலேயே கிளம்பிவிடுகிறார்கள், இரவு எட்டு மணிக்குப் போனால்தான் அவர்களுக்கு அழுத்தம் பார்க்க முடிகிறது, அந்த நேரம் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. மாவட்ட நிர்வாகத்திடம் கொண்டுபோக வேண்டிய கோரிக்கை அதுதான். நாங்கள் அந்தக் காலாண்டில் மூன்று விழிப்புணர்வு முகாம்கள் நடத்தத் தீர்மானித்தோம். அந்தப் பெண்களுக்கு விழிப்புணர்வு குறையவில்லை, வீட்டில் இருக்க நேரம்தான் இல்லை. இதைச் சொல்லக்கூடியவர் மேசையைச் சுற்றி ஒருவரும் இல்லை.

ஒத்திவைத்த கோரிக்கை நிறைவேற இரண்டு ஆண்டுகள் ஆயின. அதற்குள் அவர் குடும்பத்தோடு திருப்பூருக்குப் போய்விட்டார், பனியன் கம்பெனி வேலை. கூப்பிட்டுச் சொன்னேன். "சந்தோஷம் மேடம், அடுத்து வர்றவங்களுக்காவது ஆகட்டும்" என்றார். அதில் மன்னிப்பு இருந்ததா என்று நான் ஆராயவில்லை.

இப்போது அவர் வேலை பார்த்த அதே திட்டத்திலிருந்து இரண்டு பெண்கள் குழுவில் இருக்கிறார்கள். ஒரு நாள் கூலியும் பேருந்துக் கட்டணமும் தருகிறோம். அவர்கள் கேட்டதால் கூட்டம் ஞாயிறு பிற்பகலுக்கு மாறியது. சென்ற கூட்டத்தில் அதிக நேரம் பேசியது முகாம்களைப் பற்றி இல்லை, மாத்திரை இருப்பு தீர்ந்துபோன இரண்டு துணை சுகாதார நிலையங்களைப் பற்றி. குறிப்பை நான்தான் எழுதினேன். முன்மொழிந்தவர் பெயர், எதிர்த்தவர் பெயர், தொகை எல்லாம் அதில் இருக்கின்றன. முன்பு ஒரு பக்கத்தில் முடிந்தது, இப்போது நான்கு பக்கம் வருகிறது. தணிக்கையாளர் நீளமாக இருக்கிறது என்றார். அவர் அப்படிச் சொன்னதையும் எழுதிவைத்தேன்.