நடிகர் எழுதிய நாடகம்: பம்மல் சம்பந்த முதலியாரின் மேடை வாழ்வும் பனுவல் உருவாக்கமும்

முன்னுரை

தமிழ் நாடக வரலாற்றில் பம்மல் சம்பந்த முதலியார் (1873–1964) பெறும் இடம் உறுதியானது. ‘தமிழ் நாடகத் தந்தை’ எனப் போற்றப்படுபவர். தொண்ணூறுக்கும் மேற்பட்ட நாடகங்களை இயற்றியவர். 1959இல் பத்மபூஷண் விருது பெற்றவர். எனினும் இலக்கிய வரலாற்று நூல்கள் அவரை நாடக ஆசிரியராகவே அறிமுகம் செய்கின்றன. அவர் பல்லாண்டுகள் மேடையேறி நடித்தவர் என்னும் செய்தி, வாழ்க்கைக் குறிப்பில் ஒரு வரியாக நின்றுவிடுகிறது. அந்த ஒரு வரியே அவருடைய பனுவல்களைப் புரிந்துகொள்வதற்கான அடிப்படை என்பதும், அதனை ஒதுக்கியதால் நாடகத் திறனாய்வு சில இழப்புகளுக்கு உள்ளாகியிருக்கிறது என்பதும் இக்கட்டுரையின் கருதுகோளாகும். 1930களில் சுதேசமித்திரனில் வெளிவந்து, பின்னர் ஆறு பாகங்களாக நூலுருப் பெற்ற அவரது ‘நாடகமேடை நினைவுகள்’ இவ்வாய்வுக்கு முதன்மைச் சான்றாகக் கொள்ளப்படுகிறது.

பல்லாரியிலிருந்து வந்த தூண்டுதல்

சம்பந்தனாரின் நடிப்பு வாழ்க்கைக்குத் தூண்டுகோல் தமிழ் மேடையிலிருந்து கிடைக்கவில்லை. 1891இல் பல்லாரி தர்மவரம் கிருஷ்ணமாசாரியாரின் சரச விநோதினி சபை சென்னைக்கு வந்து தெலுங்கு நாடகங்களை நடத்தியது. கிருஷ்ணமாசாரியார் வழக்கறிஞர், தாமே நாடகம் எழுதி, தாமே தலைமை வேடம் ஏற்றவர். கற்றோர் மேடையேறி நடித்த காட்சி, இளைஞரான சம்பந்தனாரின் மனத்தை மாற்றியது. அதற்கு முன்னர்த் தமிழ் நாடகங்களின்மீது தமக்கு இருந்த வெறுப்பை அவர் தம் நினைவுகளில் மறைக்கவில்லை. அவ்வாண்டு சூலைத் திங்களிலேயே நண்பர் சிலருடன் கூடிச் சுகுண விலாச சபையைத் தோற்றுவித்தார்.

பல்லாரியிடமிருந்து அவர் பெற்றது கதைப்பொருள் மட்டுமன்று. ஆசிரியரும் நடிகரும் ஒருவராகவே இருக்கும் முன்மாதிரியையும் பெற்றார். அன்று சென்னை மாகாணத்தைச் சார்ந்திருந்த பல்லாரி, 1953இல் மைசூர் மாநிலத்தோடு இணைந்தது. பிற்கால எல்லைகளை மனத்திற்கொண்டு நாடக வரலாறு எழுதுவோர் இத்தொடர்பை உரிய அளவில் கருதுவதில்லை. கிருஷ்ணமாசாரியாரின் மருகரான பல்லாரி இராகவாசாரியார் (1880–1946) சுகுண விலாச சபை மேடையிலும் பெங்களூர் மேடையிலும் நடித்தவர். பெங்களூரில் அமெச்சூர் டிரமாடிக் அசோசியேஷன் 1909இல் தோன்றியது. சுகுண விலாச சபை சென்னைக்கு வெளியே சென்று நடித்த ஊர்களுள்ளும் பெங்களூர் ஒன்றாகும். தண்டுப் பகுதியில் தமிழர் பெருந்தொகையினராக வாழ்ந்த அந்நகரம் தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகிய மும்மொழி மேடைகளுக்கும் இடந்தந்தது. தமிழ்ப் பயில்முறை நாடகத்தைத் தனித்த தமிழ் நிகழ்வாகக் காண்பதைவிட, இம்மும்மொழிப் பரப்பில் வைத்துக் காண்பதே பொருத்தமாகும்.

உடல்களுக்கு எழுதப்பட்ட பனுவல்

சபையின் உறுப்பினர்கள் ஊதியம் பெறாதவர்கள். வழக்கறிஞர்களும் அலுவலர்களும் மாலை வேளைகளில் ஒத்திகைக்குக் கூடினர். எஸ். சத்தியமூர்த்தி போன்ற பொதுவாழ்வினரும் அம்மேடையில் நடித்தனர். அவர்களுள் பெரும்பாலோர் தொழில்முறைப் பாடகர் அல்லர். சம்பந்தனார் பாடலைக் குறைத்து உரைநடை உரையாடலை மேடையின் மையமாக்கியதையும், விடிய விடிய நிகழ்ந்த நாடகத்தைச் சில மணி நேரத்துக்குச் சுருக்கியதையும் ஆங்கிலக் கல்வியின் விளைவு என்றே அறிஞர் பலரும் விளக்குவர். அவ்விளக்கம் தவறன்று, ஆயின் முழுமையானதும் அன்று. மறுநாள் காலையில் நீதிமன்றம் செல்லவேண்டிய நடிகர்களுக்கும், இசைப் பயிற்சி குறைந்த குரல்களுக்கும் ஏற்ற வடிவம் அது. சீர்திருத்தம் என இன்று போற்றப்படுவதில் ஒரு பகுதி, கையிலிருந்த நடிகர்களை அறிந்து எழுதிய மேடைப் பட்டறிவாகும்.

‘மனோகரா’ இதற்குத் தக்க சான்று. புருஷோத்தம மன்னன் வசந்தசேனையின் வயப்பட்டு அரசியைப் புறக்கணிக்கிறான். மகன் மனோகரனோ தாய்க்குக் கொடுத்த வாக்கால் தந்தையை எதிர்க்க இயலாது நிற்கிறான். பாடநூல் வழிப்பட்ட திறனாய்வு இதனைத் தாய்ப்பாசம், கடமை என்னும் பண்புநலன்களின் மோதலாகக் காட்டும். நடிகரின் நோக்கில் கண்டால் வேறொன்று புலப்படும். வலிமையுள்ள ஓர் இளைஞன் பெரும்பாலான காட்சிகளில் தன்னை அடக்கிக்கொண்டே மேடையில் நிற்க வேண்டியிருக்கிறது. சங்கிலியை அறுக்கும் காட்சியின் ஆற்றல் அவன் பேசும் சொற்களிலிருந்து மட்டும் பிறப்பதன்று. அதற்கு முன்னர் நடிகர் காத்த அடக்கத்திலிருந்து பிறப்பது. தாயின் ஒரு சொல் வரும்வரை அசையாது நிற்பது எத்துணைக் கடினம் என்பதை மேடையில் நின்றறிந்த ஒருவரே இக்கட்டமைப்பை எண்ணியிருக்க முடியும். 1954இல் மு. கருணாநிதியின் உரையாடலில் சிவாஜி கணேசன் நடித்து வெளிவந்த திரைப்படத்தில் இக்காட்சி பெரும்புகழ் பெற்றது. அங்கு உணர்ச்சி நெடிய சொற்பெருக்காக வெளிப்படுகிறது. இவ்விரண்டையும் ஒப்பிடும்போது, மூலப்பனுவல் தன் ஆற்றலை நடிகரின் உடலிடம் ஒப்படைத்து ஒதுங்கி நிற்பதைக் காணமுடிகிறது. வாசிப்பில் ‘மனோகரா’ சிலருக்குத் தட்டையாகத் தோன்றுவதற்கும் இதுவே காரணம் எனலாம்.

இரங்கவடிவேலு என்னும் வினா

சம்பந்தனாரின் தலைவிகளைப் பற்றிய ஆய்வு சி. இரங்கவடிவேலுவிடமிருந்து தொடங்க வேண்டும். சபையில் பெண் வேடம் ஏற்றவர். சம்பந்தனார் தலைவனாக நடித்த நாடகங்கள் பலவற்றில் எதிர்நின்று நடித்தவர். அந்நண்பரைக் குறித்த பகுதிகள் ‘நாடகமேடை நினைவுகள்’ நூலில் மிகுந்த நெகிழ்ச்சியோடு எழுதப்பட்டவை. தலைவியின் உரையாடல்களை எழுதும்போது ஆசிரியரின் செவியில் ஒலித்தது இந்நடிகரின் குரலே எனக் கொள்வதற்கு அப்பகுதிகள் இடந்தருகின்றன. எனினும் இரங்கவடிவேலு நாடக நூல்கள் எழுதிப் புகழ்பெற்றவர் அல்லர். எனவே இலக்கிய வரலாற்றில் அவருக்கு இடமில்லை.

இங்கு இரண்டு எச்சரிக்கைகள் தேவை. முதலாவது, இரங்கவடிவேலுவின் நடிப்பை இன்று பெரிதும் அவர் நண்பரின் அன்பு வழியாகவே அறிகிறோம். தன்வரலாற்றின் சான்றினைச் சீர்தூக்கியே ஏற்கவேண்டும். இரண்டாவது, கற்ற ஆடவர் மேடையேறியதால் நாடகத்துக்குக் கிடைத்த மதிப்பு, பெண்களை அம்மேடைக்கு வெளியே நிறுத்தியே பெறப்பட்டது. இரங்கவடிவேலுவின் திறமையைப் போற்றும்போது இவ்விலக்கலையும் உடன் குறிப்பிடுவதே நேர்மையாகும். பெண் வேடத்தைப் பெண்களே ஏற்கவேண்டும் என இராகவாசாரியார் வலியுறுத்தினார். தொழில்முறை மேடையிலோ கே. பி. சுந்தராம்பாள் போன்றோர் ஆண் வேடமும் ஏற்றுப் புகழ்பெற்றனர். பயில்முறைச் சபையின் முற்போக்கு ஒரு திசையில் மட்டுமே நிகழ்ந்தது என்பது மறுக்கவியலாதது.

எதிர்நிலைப்படுத்தலின் போதாமை

சங்கரதாச சுவாமிகளையும் (1867–1922) சம்பந்தனாரையும் எதிரெதிராக நிறுத்துவது நாடக வரலாற்றாசிரியர்களின் வழக்கம். பாடலும் உரைநடையும், கம்பெனியும் சபையும், பாமரரும் கற்றோரும் என இவ்வரிசை நீளும். ஆயின் சுவாமிகளும் நடிகராகத் தொடங்கியவரே. தம் சிறுவர் குழுவினரின் குரலறிந்து பாடல் இயற்றியவர். சம்பந்தனார் தம் நண்பர்களின் குரலறிந்து உரையாடல் இயற்றினார். கருவி வேறாயினும் தொழில் ஒன்றே. சுவாமிகளின் சபையில் பயின்ற தி. க. சண்முகம் பின்னர் ‘மனோகரா’வில் நடித்துப் புகழ்பெற்றதும், தம் அனுபவங்களை ‘எனது நாடக வாழ்க்கை’ என 1972இல் நூலாக்கியதும் இவ்விரு மரபுகளும் நடிகர் வழியாக ஒன்றுகலந்தமைக்குச் சான்றுகளாகும்.

உலக நாடக வரலாறும் இங்கு ஒப்புநோக்கத்தக்கது. ருசிய நாட்டின் ஸ்தானிஸ்லாவ்ஸ்கி பயில்முறை நடிகராகத் தொடங்கியவர். மாஸ்கோ கலை அரங்குடன் 1923இல் நியூயார்க் சென்று பிராட்வே அரங்கில் நடித்தவர். 1924இல் அங்கு ஆங்கிலத்தில் வெளியான அவரது தன்வரலாறு, நடிப்புக் கல்வியின் அடிப்படை நூல்களுள் ஒன்றாக மேலைநாடுகளில் பயிலப்படுகிறது. சம்பந்தனாரின் நினைவுகளோ தமிழில் தகவற் களஞ்சியமாக மட்டுமே பயன்பட்டு வருகின்றன. ஒத்திகை ஒழுங்கு, உரையாடலை மனனம் செய்தல், வேடத்துக்கேற்ற நடிகரைத் தெரிதல் ஆகியன குறித்து அதில் சிதறிக்கிடக்கும் கருத்துகள் தொகுக்கப்பட்டு, ‘நடிப்புக் கலையில் தேர்ச்சி பெறுவது எப்படி?’ என்னும் அவரது நூலோடு இணைத்துப் பயிலப்பெறுமாயின், தமிழில் நடிப்புக் கோட்பாடு ஒன்றின் தொடக்கத்தைக் காணலாம்.

முடிவுரை

மேற்கண்டவற்றால், சம்பந்தனாரின் நாடகங்கள் குறிப்பிட்ட நடிகர்களுக்காக ஒரு நடிகரால் எழுதப்பட்டவை என்பதும், அவற்றின் வடிவமாற்றங்களில் ஒரு பகுதி மேடைத் தேவையால் விளைந்தது என்பதும் பெறப்படுகின்றன. கதைச்சுருக்கம், பாத்திரப் பண்பு, நடை என்னும் தலைப்புகளில் நாடகத்தைக் கற்பிக்கும் முறையில் இவ்வுண்மைக்கு இடமில்லை. நடிகரையும் சேர்த்துக் கற்பிக்கும்போது பனுவலில் குறையெனத் தோன்றுவன சில நடிகருக்கு விடப்பட்ட இடங்கள் என்பது விளங்கும். நூல் எழுதியவரை மட்டுமே நினைவில் வைக்கும் இலக்கிய வரலாறு, நாடகத்தைப் பொறுத்தவரை பாதி வரலாறேயாகும். இரங்கவடிவேலு போன்றோரின் பெயர்கள் அடிக்குறிப்பிலிருந்து பாடப்பகுதிக்கு ஏறும்போதுதான் மற்றப் பாதி எழுதப்படத் தொடங்கும்.