மெட்டும் குடைவும்

நரம்பிசைக் கருவிகளை இன்ன நாட்டுக்கே உரியவை என எல்லை கட்டிப் பேசுவோர், அவற்றின் பெயர்களையேனும் ஆராய்ந்து பார்த்தல் நன்று. கித்தார் என்னும் பெயரின் வேர் கிரேக்கத்தில் உள்ளது. சித்தார் என்பது பாரசீகத்தில் மூன்று நரம்பு எனப் பொருள்படும். மலாய் மக்கள் போற்றும் காம்புஸ் அரபு நாட்டினின்று கடல் கடந்து வந்தது. ஊர் மாறுங்கால் கருவியின் உருவும் மாறும். இதற்கு அண்மைக் காலச் சான்றாவார் ஆங்கிலேயரான ஜான் மெக்லாஃப்லின்.

மின்கித்தாரில் முன்னரே பெயர் பெற்றிருந்த இவர், 1970களின் தொடக்கத்தில் அமெரிக்க வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் எஸ். இராமநாதனிடம் வீணை பயின்றார். அவ்விராமநாதன் யார்? சிலப்பதிகாரத்து இசையை ஆராய்ந்து அப்பல்கலைக்கழகத்திலேயே முனைவர் பட்டம் பெற்றவர். அரங்கேற்று காதையின் யாழாசிரியன் அமைதியைப் பயின்ற மாணாக்கர்க்கு இத்தொடர்பு மகிழ்வூட்டும்.

வீணையில் 24 மெட்டுகள் மெழுகின்மேல் பதிக்கப்பெற்று உயர்ந்து நிற்கும். தந்தியை விரல் பக்கவாட்டில் இழுக்க, ஒரே மெட்டில் பல சுரங்கள் குழைந்து வரும். கமகம் பிறக்கும் இடம் அதுவே. கித்தாரின் மெட்டுகளோ தாழ்ந்தவை. அழுத்தும் விரல் மரத்தில் முட்டும். ஆதலால், ‘சக்தி’ குழுவுக்கென மெக்லாஃப்லின் செய்வித்த கித்தாரில் மெட்டுகளுக்கு இடைப்பட்ட மரம் குடையப்பட்டது. ஒலித்துளையின் குறுக்கே ஏழு தந்திகள் சுருதிக்கெனச் சாய்வாகப் பூட்டப்பட்டன. பிறர் இசையை மேற்பூச்சாகக் கொள்வோர் இத்துணைத் தொல்லைப்படுவதில்லை. சித்தாரொன்றை அருகில் வைத்துப் படமெடுத்துக்கொள்வதோடு அமைவர்.

எனினும் குறை இல்லாமலில்லை. 1976இல் வெளிவந்த அக்குழுவின் முதல் இசைத்தட்டில் ‘ஜாய்’ என்னும் உருப்படி ஏறத்தாழ 18 நிமிடம் நிகழ்வது. எல். சங்கரின் வயலினோடு போட்டியிட்டு ஓடும் கித்தாரைக் கேட்போர் வியப்பர். ஜாகிர் உசேனின் தபலாவும் விநாயக்ராமின் கடமும் அவ்வோட்டத்திற்கு நெய் வார்க்கின்றன. ஆயினும் விரைவு கித்தாருக்கு எளிது. ஒரு சுரத்தில் நின்று, அதனை அசைத்து, அடுத்ததைத் தொட்டும் தொடாமலும் மீள்வதே அரிது. அவ்வரிய இடம் வரும்போதெல்லாம் கை பழகிய வேகத்திற்கே திரும்பிவிடுகிறது.

‘சக்தி’யின் ‘திஸ் மோமென்ட்’ 2024இல் கிராமி விருது பெற்றது. வீணைப் பாடத்தின் பயனை அறிய அவ்விருது வேண்டுவதில்லை. அம்முதல் இசைத்தட்டிலேயே ‘லோட்டஸ் ஃபீட்’ என்னும் சிற்றுருப்படி உண்டு. ஐந்து நிமிடத்தையும் எட்டாத அதில் கித்தார் எவரையும் முந்த முயலவில்லை. வயலினோடு இணைந்து, ஒரே மெல்லிசையை நிதானமாக நடத்திச் செல்கிறது.