இருவர் என்றால் எவர்?

அரபு மார்க்க நூல்களைத் தமிழாக்குவோர் அடிக்கடி எதிர்ப்படும் சொல் 'ஷைகைன்'. 'ஷைகுமார் இருவர்' என்பது அதன் பொருள். சொல் எளிது, அவ்விருவர் எவர் என்பதே வினா.

கலீபாக்களின் வரலாற்றில் அது ஹஸரத் அபூபக்கர் (ரலி), ஹஸரத் உமர் (ரலி) இருவரையும் சுட்டும். ஹதீதுக் கலையில் இமாம் புகாரியையும் (மறைவு ஹி. 256) இமாம் முஸ்லிமையும் (ஹி. 261) குறிக்கும். ஷாபிஈ சட்ட நூல்களில் இமாம் ராபிஈயும் (ஹி. 623) இமாம் நவவியும் (ஹி. 676) ஷைகைன் ஆவர். ஹனபி நூல்களிலோ இமாம் அபூஹனீபாவும் (ஹி. 150) அவர்தம் மாணவர் இமாம் அபூயூசுபும் (ஹி. 182) அப்பெயர் பெறுவர். பெயர் ஒன்று, பெருமக்கள் எண்மர்.

இது வெறும் மரியாதைப் பட்டமன்று. ராபிஈயும் நவவியும் ஒன்றுபட்டுரைத்ததையே பிற்கால ஷாபிஈ அறிஞர் மத்ஹபின் தீர்ப்பாகக் கொண்டனர். இருவரும் வேறுபட்டால் நவவியின் கூற்றையே ஏற்றனர். எனவே ஆளை மாற்றியறிந்தால் சட்டமே மாறிவிடும்.

'ஸாஹிபைன்' என்னும் சொல்லையும் பாருங்கள். ஹனபி நூல்களில் அது அபூஹனீபாவின் மாணவர்களான அபூயூசுப், முஹம்மது இப்னு ஹஸன் (ஹி. 189) ஆகிய இருவரைக் குறிக்கும். நிலத்தை வாரத்துக்கு விடுதல் செல்லாதென்றார் ஆசிரியர். செல்லுமென்றனர் அம்மாணவர் இருவரும். மத்ஹபின் நடைமுறைத் தீர்ப்பும் அவர்கள் கூற்றின்மீதே அமைந்தது. இதனைத் 'தோழர் இருவர் அனுமதித்தனர்' என்று பெயர்த்தால், படிப்பவர் நபித்தோழர் இருவரின் கூற்றென்றே கொள்வார். இமாம்களின் ஆய்வுரை ஸஹாபாக்களின் வாக்காக உயர்ந்துவிடும். எத்துணைப் பெரிய பிழை!

'அபாதிலா', அதாவது அப்துல்லாஹ்மார், என்னும் தொகைப்பெயரிலும் கருத்து வேற்றுமை உண்டு. முற்பட மறைந்த இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களை ஹதீது அறிஞர் அதில் சேர்ப்பதில்லை. ஹனபி சட்ட அறிஞர் சேர்ப்பர்.

இச்சுருக்கப் பெயர்கள் ஓதும் மஜ்லிஸில் பிறந்தவை. கையில் எந்தக் கிதாபு என்பதை மாணவர் அறிவார்; ஐயம் எழுந்தால் உஸ்தாது அருகிருப்பார். தமிழாக்கத்தை வீட்டில் தனித்திருந்து படிப்பவருக்கு அத்துணை இல்லை. ஷாபிஈகளும் ஹனபிகளும் கலந்து வாழும் நம் நாட்டில் குழப்பத்துக்கு இடம் மிகுதி.

ஆதலின் மொழிபெயர்ப்பாளர்களை நாம் வேண்டுவது இதுவே: மூலம் 'இருவர்' என்றாலும், தமிழில் அவ்விருவரின் பெயரையும் எழுதிவிடுங்கள். ஒரு வரி கூடும். ஒரு தவறான தீர்ப்பு தவிரும்.