கதவில் தொங்கும் ஒருவரி ஏடு

நூலை விமரிசிப்பார் உளர். நாடகத்தை விமரிசிப்பார் உளர். இக்கிழமை நாம் விமரிசனத்துக்கு எடுத்துக்கொண்டது ஓர் அட்டை. திருப்பூரில், பொதுமக்கள் நாள்தோறும் வந்துபோகும் ஒரு கட்டடத்தில், மின்தூக்கியின் கதவில், நூலில் கட்டித் தொங்கவிடப்பட்டிருக்கும் அட்டை. பனியன் நகரமல்லவா, நூலுக்கா பஞ்சம்! அதில் கண்ட வாசகம் இவ்வளவே: "லிப்ட் பழுது. படியைப் பயன்படுத்தவும்."

ஆசிரியர் பெயர் இல்லை. எழுதிய நாளும் இல்லை. மறதியால் நேர்ந்த பிழை என்று எண்ணிவிடாதீர், தோழர்களே. பெயரிருந்தால் கேட்க ஆளிருக்கும். நாளிருந்தால் எண்ணிப் பார்க்க இடமிருக்கும். "பழுது" என்ற சொல்லின் நயத்தையும் காணுங்கள். மழை பெய்தது, மாலை வந்தது என்பதுபோல், பழுதும் தானே வந்ததாம்! கவனியாதவர் எவர், காசு ஒதுக்காதவர் எவர் என்ற கேள்வி நுழையச் சந்து இல்லை. அடுத்த தொடரோ ஆணை. அந்த ஆணை யாருக்கு?

நாம் நின்ற அரைமணி நேரத்தில் அதைப் படித்தவர்களுள் ஒருவர் ஊன்றுகோலுடன் வந்த தோழர். உதவித்தொகைக்கு மனு, அலுவலகமோ மூன்றாம் மாடியில். மனுவை வேறொருவரிடம் கொடுத்தனுப்பிவிட்டு முதற்படியில் அமர்ந்தார். "மனுதாரர் நேரில் வரவேண்டும்" என்று சொல்லி மனு கீழே திரும்பி வந்தது. நடக்க இயலாமைக்கு உதவி கேட்பவர், நடந்து வந்து கேட்கவேண்டுமாம்! மற்றொருவர் நிறைமாதச் சகோதரி, தையல் கூடத்தில் அரைநாள் கூலியை இழந்து வந்தவர். அவர் ஏறினார். ஒவ்வொரு திருப்பத்திலும் சுவரைப் பிடித்து நின்று நின்று ஏறினார்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016ஆம் ஆண்டில் வந்தது. இருக்கின்ற பொதுக் கட்டடங்களை அவர்கள் எளிதில் அணுகத்தக்கனவாக ஆக்க, விதிகள் வெளியான நாளிலிருந்து ஐந்தாண்டுக் கெடு வைத்தது. விதிகள் 2017 ஜூனில் வெளியாயின. கெடு 2022 ஜூனில் முடிந்தது. அட்டை மட்டும் இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறது.

மின்தூக்கி என்ன மாயக் கூண்டா? 1854ஆம் ஆண்டு நியூயார்க் பொருட்காட்சியில், எலிஷா ஓடிஸ் என்பார், தாம் நின்ற மேடையைத் தாங்கிய கயிற்றைக் கூட்டத்தின் முன்னிலையிலேயே வெட்டச் செய்தார். மேடை விழவில்லை, விசைப்பற்கள் பக்கத் தண்டவாளத்தைக் கவ்வி நிறுத்தின. இன்றும் அதே அறிவுதான், வளர்ந்த வடிவில். பல எஃகுக் கயிறுகள், மறுபுறம் சமன் எடை, வேகம் மிஞ்சினால் கவ்வும் பிடிப்பான், கூண்டு வந்து நிற்காமல் மாடிக்கதவு திறவாதபடி காக்கும் பூட்டு. இந்தப் பூட்டு கெட்டால், கதவு திறக்கும், கூண்டு இராது, காலடியில் பள்ளம் இருக்கும். கதவு ஓடும் தடத்தில் தூசு சேர்ந்தாலே கதவு சரியாக மூடாது. மூடாத கதவோடு மின்தூக்கி நகராது. துடைப்பத்தால் தீரவேண்டிய நோய், பன்னாள் படுக்கையாக மாறுவது இப்படித்தான்.

தூசைப் பற்றித் திருப்பூருக்கா பாடம் வேண்டும்! ஓவர்லாக் இயந்திரத்தில் பஞ்சு அடைந்தால் ஊசி முறியும் என்பது நேற்றுச் சேர்ந்த சிறுவனுக்கும் தெரியும். துடைக்கிறார்கள், எண்ணெய் விடுகிறார்கள். ஏற்றுமதிச் சரக்கு கப்பலேற வேண்டிய வாரத்தில் இயந்திரம் நின்றால், நள்ளிரவிலும் மெக்கானிக் வந்து நிற்பார். அங்கே எவரும் "பழுது, கையால் தைக்கவும்" என்று அட்டை மாட்டுவதில்லை. சரக்குக்குத் தேதி உண்டு. மனுவோடு வரும் மனிதருக்கு இல்லை போலும்.

இதே பொருளில் நாம் படித்த வேறொரு உரைநடையையும் சொல்லவேண்டும். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 28ஆம் பிரிவு. ஆறு மாதத்துக்கு ஒருமுறையேனும் தகுதியுடையவர் முழுமையாகச் சோதிக்கவேண்டும், சோதனையைப் பதிவேட்டில் குறிக்கவேண்டும், தாங்கும் எடையைத் தெளிவாக எழுதிவைக்கவேண்டும் என்றது. வறண்ட நடைதான், உவமை இல்லை, எதுகை இல்லை. ஆனால் செய்ய வேண்டியது என்ன, எப்போது என்பது அதில் இருந்தது. மின்தூக்கிகளுக்கென்றே பம்பாய் மாகாணம் 1939இல் சட்டம் கண்டது. தமிழ்நாட்டில் அது 1997இல் வந்தது. சென்னையில் 177 அடி உயர எல்.ஐ.சி. மாளிகை எழுந்ததோ 1959இல்! உயரம் முந்திற்று, ஒழுங்கு பிந்திற்று.

அட்டைக்கு மேலே, கதவின் நெற்றியில், காய்ந்த சந்தனமும் குங்குமமும் கண்டோம். ஆயுத பூசையன்று வைத்தது. ஆக, ஆண்டுக்கு ஒருமுறை அக்கதவின் அருகே ஆள் வருகிறார், ஏணி வருகிறது, செலவுக்குப் பணமும் வருகிறது! அதே ஏணியில் எண்ணெய்க் குப்பியும் ஏறியிருக்கலாம்.

குறை சொல்வதோடு நிற்பானேன்? அட்டைக்குத் திருத்திய பாடம் ஒன்று தருகிறோம்: "இம்மின்தூக்கி இன்ன நாள் முதல் ஓடவில்லை. காரணம் இன்னது. சீர்செய்யும் பொறுப்பு இன்னாருடையது. இன்ன நாள் ஓடும். அதுவரை, மேல்மாடி அலுவலர் இங்கே கீழே வந்து மனு வாங்குவார்." ஐந்தே தொடர்கள். அட்டையின் பின்புறம் வெறுமையாகத்தான் இருக்கிறது, திருப்பிப் பார்த்துவிட்டோம்.