மூச்சும் மனவடுவும்: ஒரு விமர்சனக் குறிப்பு

கரவெட்டி போன்ற வடமராட்சிக் கிராமங்களில் போர் தந்த துயரம் உடலின் மொழியிலேயே பெரிதும் வெளிப்பட்டது. மருத்துவரிடம் வருவோர் கவலையைக் கூறார். நெஞ்சு படபடக்கிறது, மூச்சு முட்டுகிறது என்பர். இதயத்துடிப்பு மாறுபாட்டுப் பின்னூட்டல் எனும் சிகிச்சைமுறையை இப்பின்னணியிலேயே மதிப்பிடல் வேண்டும்.

இரு துடிப்புகளுக்கிடைப்பட்ட நேரம் என்றும் ஒரே அளவினதன்று. மூச்சை உள்ளிழுக்கையில் துடிப்பு விரைவுறும், வெளிவிடுகையில் தளரும். இவ்வேற்றத்தாழ்வைக் கருவியிற் கண்டவாறே மூச்சை நிமிடத்துக்கு ஏறத்தாழ 6 ஆகத் தணிப்பின் அலைவு பெரிதாகும். குருதியமுக்கத்தைச் சீர்செய்யும் அனிச்சைச் செயலும் வலுப்பெறும். ஆய்வுகளைத் தொகுத்து 2020இல் வெளியான மதிப்பீடொன்று சிறிது முதல் நடுத்தரம் வரையான பயனையே காட்டிற்று. ஆரவாரத்துக்கு இடமில்லை, அலட்சியத்துக்கும் இடமில்லை.

திருமூலர் இதனை அன்றே கூறினாரென மார்தட்டுவோர் நம்மிடை உளர். திருமந்திரத்தின் மூன்றாந் தந்திரம் பிராணாயாமம் பற்றி உரைப்பது உண்மையே. ஆயின், பெர்னார்டி குழுவினர் 23 பேரிடம் நடத்தி 2001இல் வெளியிட்ட ஆய்வில், யோக மந்திரம் மட்டுமன்றி இலத்தீன் செபமாலையும் மூச்சை அதே அளவுக்குத் தணித்தது. பழம்பெருமை பேசுவோர் இதனைக் குறிப்பிடுவதில்லை.

யாழ்ப்பாணத்து உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், கருவி ஏதுமின்றி, நோயாளியின் சமயத்துக்கேற்ற மந்திரத்தையும் செபத்தையும் தளர்வுப் பயிற்சியாகக் கையாண்டார். அவருடைய எழுத்தின் வளர்ச்சி இங்கு மனங்கொள்ளத்தக்கது. ‘மனவடு’ (1993), ‘ஸ்கார்ட் மைன்ட்ஸ்’ (1998) ஆகியன மனத்தின் காயத்தைத் தலைப்பாக்கின; 2014இல் வெளிவந்த ‘ஸ்கார்ட் கொம்யூனிற்றீஸ்’ சமுதாயத்தின் காயத்தைப் பேசிற்று. இந்நகர்வே நம் கவனத்துக்குரியது.

1987 மே மாத இறுதியில் தொடங்கிய வடமராட்சி இராணுவ நடவடிக்கையின்போது இளைஞர் பெருந்தொகையாகக் கைதாகித் தென்னிலங்கைப் பூசா முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். மகனைப் பறிகொடுத்த தாயின் படபடப்பைக் கருவி அளக்கும், தணிக்கவுங்கூடும். அது ஏன் எழுந்ததென அது வினவாது. கரவெட்டியிற் பிறந்த கா. சிவத்தம்பி இலக்கியத்தைச் சமூகத் தளத்தினின்று பிரித்து நோக்க மறுத்தவர். நோயையும் அவ்வாறே பிரித்து நோக்கலாகாது. மூச்சுப் பயிற்சி அத்தாய்க்கு உறக்கந் தருமாயின் அதனை மறுப்பது கொடுமை. ஆயினும் உறங்கி எழுந்த அவள் மகன் எங்கேயென மீண்டும் கேட்பாளாயின், அக்கேள்வியை நோயின் அறிகுறியெனக் குறித்துவைக்க எந்த மருத்துவருக்கும் உரிமையில்லை.